இணங்காமைச் சான்றிதழ்

ஜெயனி விவாகரத்துக் கேட்டதற்குக் காரணம் அவளுடைய வலது மணிக்கட்டு. கணவன் லெனாட் குளித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது. அவள் எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்று சொல்லிவிட்டாள். லெனாட் தண்ணீர்ப் பம்பிகள் விற்கும் முகவர். குளிக்கிறவனிடம் யார் பம்பி வாங்குவான் என்று கேட்டு, அவள் கையைப் பிடித்து அலுமாரிக் கதவுக்குள் வைத்துச் சாத்தினான். எலும்பு உடைந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. பக்கத்து வீட்டார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்கள்.

உடுவிலில் இருந்த அந்த வீட்டை விட்டு, பண்டத்தரிப்பில் இருக்கும் தமக்கை றோசிடம் அவள் போய்ச் சேர்ந்தாள். கை கோணலாகத்தான் பொருந்தியது. ஆனாலும் சுன்னாகத்தில் ஒரு பல் வைத்தியரிடம் பார்த்த வேலையை விடவில்லை. நோயாளியின் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயை இடது கையால் பிடிக்கப் பழகிக்கொண்டாள்.

ஏழு மாதம் கழித்துச் சட்டத்தரணியைப் பார்த்தபோது அவர் ஒரு கடதாசி கேட்டார். வழக்கு வைக்க முதல், இருவரும் இணங்கிப் போக வழியில்லை என்று வடபுலக் குடும்ப இணக்க அதிகாரசபை சான்றிதழ் தரவேண்டும். அதற்கு இணங்காமைச் சான்றிதழ் என்று பெயர்.

"சின்ன வேலை. போய் ஒரு வசனம் எழுதிக் குடுத்தால் சரி" என்றார் சட்டத்தரணி.

அதிகாரசபையின் கந்தோர் யாழ்ப்பாண நகரத்தில் புதிதாகக் கட்டிய மாடியில் இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் "இணக்கம்: நூற்றுக்கு நூறு" என்று எழுதியிருந்தார்கள். தொடங்கி இரண்டு வருடமாக அங்கே வந்த ஒரு தம்பதியும் இணங்காமல் போனதில்லை. ஆகவே இணங்காமைச் சான்றிதழ் ஒன்றுகூட அச்சிடப்படவில்லை. அதை அச்சிடுவதற்கென்று வாங்கிய தடித்த கடதாசியில் ஊழியர்கள் பிறந்தநாள் வாழ்த்து மட்டைகள் செய்துகொண்டிருந்தார்கள்.

நிவேதனா என்ற எழுதுவினைஞர் ஜெயனியைத் தொடுதிரை ஒன்றின் முன் இருத்தினாள்.

"அக்கா, வாயாலை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. இதிலை எழுதுங்கோ. அது கொழும்புக்குப் போய்த் தன்ரைபாட்டிலை கடிதமா வரும்."

ஜெயனி இடது கையின் ஒற்றை விரலால் எழுதினாள்: "நான் என் கணவர் லெனாட்டுடன் மீண்டும் சேர்ந்து வாழ விரும்பவில்லை." கீழே விரலாலேயே கையொப்பமும் வைத்து முடித்ததும் திரையில் ஒரு பூ விரிந்தது.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. கவரை உடைத்து வாசித்த றோஸ் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"எடி, நீ என்னடி எழுதிக் குடுத்தனி?"

கடிதத்தில் அரச இலச்சினையின் கீழ் இப்படி இருந்தது: "நான் என் கணவர் லெனாட்டுடன் மீண்டும் சேர்ந்து வாழ விரும்புகிறேன்." அதன் கீழே ஜெயனியின் கையொப்பம். அதன் கீழே, பிரதி: திரு. லெனாட்.

அன்று பின்னேரமே லெனாட் தொலைபேசியில் வந்தான்.

"கடிதம் கிடைச்சது. உனக்கும் அறிவு வந்திட்டுது போலை."

"நான் அப்பிடி எழுதேல்லை."

"அரசாங்கம் பொய் சொல்லுதோ? உன்ரை கையெழுத்துக் கிடக்கு. உடைஞ்ச கையாலை வைச்ச மாதிரியே கிடக்கு."

மறுநாள் ஜெயனி லீவு போட்டுவிட்டுக் கந்தோருக்குப் போனாள். நிவேதனா கடிதத்தை ஒருதரமும் திரையை ஒருதரமும் பார்த்தாள்.

"உள்ளுக்குப் போனதுதானேயக்கா வெளியிலை வரும்."

"உள்ளுக்குப் போனது 'விரும்பவில்லை' பிள்ளை. நீர் பக்கத்திலை நிண்டனீர்தானே?"

"நிண்டனான். ஆனால் நான் வாசிக்கேல்லை. தனிப்பட்ட தகவல் வாசிக்கக்கூடாது எண்டு எங்களுக்குப் பயிற்சி தந்தவை." அவள் திருத்தப் படிவம் ஒன்றைத் திரையில் திறந்தாள். "இதிலை எழுதுங்கோ. ஆனால் திருத்தம் எண்டபடியால் தலைவருக்கு முறையா விளிச்சுத் தொடங்கோணும். தொடக்கம் அதிலையே கிடக்கு, அதை அழிக்கேலாது."

அழிக்கமுடியாத தொடக்கம் இதுதான்: "மாண்புமிகு தலைவர் அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்". அதற்குப் பிறகு ஜெயனி நான்கு வசனங்கள் எழுதினாள். மணிக்கட்டைப் பற்றி எழுதினாள். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியைப் பற்றிக்கூட எழுதினாள். பூ விரிந்தது.

வந்த கடிதத்தில் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது: "மாண்புமிகு தலைவர் அவர்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் நன்றி கூறுகிறேன்."

அதிகாரசபையின் விதிப்படி, நன்றிக் கடிதம் முதற் சம்மதத்தை உறுதிப்படுத்தும் இரண்டாவது சம்மதமாகக் கொள்ளப்படும்.

மூன்றாம் தரம் போனபோது அவள் நிவேதனாவிடம் போகவில்லை. குளிரூட்டியின் பின்புறத்துச் சூடு அடிக்கும் சின்ன அறையில், பிரணவன் என்ற கணினிப் பொறியியலாளர் இருந்தான். வேலைக்கு வந்து மூன்று மாதம். அவளுடைய இரண்டு கடிதங்களையும் வாங்கி மேசையில் விரித்து, அவள் எழுதியது என்னவென்று கேட்டு, விரலால் எழுத்து எழுத்தாக எண்ணினான்.

"அக்கா, நீங்கள் எழுதினது கொழும்புக்கு முழுசாப் போகேல்லை."

"ஏன் தம்பி?"

"இஞ்சை மூண்டு நிரல் இருக்கு, கணினிக்கு எழுதி வைச்ச கட்டளைகள். நீங்கள் எழுதிற திரை ஜாவா எண்டிற மொழியிலை எழுதினது. அது எழுத்தை எண்ணும். கொழும்பிலை கிடக்கிறது சீ எண்டிற பழைய மொழியிலை எழுதினது. அது எழுத்தை எண்ணாது, எழுத்துப் பிடிக்கிற இடத்தை எண்ணும், அதுக்குப் பைற் எண்டு பேர். நூற்று அறுபது பைற்றுக்கு மேலை வந்தால் வெட்டிப்போடும். இங்கிலிஸிலை ஒரு எழுத்துக்கு ஒரு பைற். தமிழிலை ஒரு 'க'வுக்கு மூண்டு பைற். கொம்பு வைச்சால் இன்னும் மூண்டு, மேலை குத்துப் போட்டால் இன்னும் மூண்டு."

"அப்ப என்ரை வசனம்?"

"'விரும்பவி' எண்டதோடை அறுந்திட்டுது. எங்கடை மொழியிலை இல்லை, மாட்டன், வேண்டாம் எல்லாம் கடைசியிலைதானே வருது. வால்தான் முதல்லை போகும்."

"அறுந்தால் அறுந்தமாதிரி எல்லோ வரவேணும்? இது முழுசா வந்திருக்கு."

"அது மூண்டாவது நிரல். பைதன் எண்டிற மொழியிலை எழுதினது. அரசாங்கக் கடிதம் அரைகுறை வசனத்தோடை போகக்கூடாது எண்டு அமைச்சிலையிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதாலை, முடியாத வசனம் வந்தால் அது தானே முடிச்சு வைக்கும். முடிக்கேக்கை நல்ல சொல்லாப் பாத்துப் போடச் சொல்லித்தான் பழக்கியிருக்கினம்."

தன் கையை முறித்தவனைக்கூட ஜெயனியால் விளங்கிக்கொள்ள முடிந்திருந்தது. இது விளங்க நேரம் எடுத்தது.

"இங்கிலிஸிலை எழுதினால்?"

"போகும். ஒரு எழுத்து விடாமல் போகும்."

இங்கிலிசில் எழுதுவதற்குத் தலைவரின் அனுமதி வேண்டும். தலைவர் துரைராஜா முப்பது வருடம் கல்லூரி அதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். அந்தக் காலத்தில் ஒரு மாணவனையும் அடித்ததில்லை என்று சொல்லுவார். அடிப்பதற்கென்று வேறு ஆசிரியர் ஒருவரை வைத்திருந்தார். பிரணவன் ஜெயனியைக் கூட்டிக்கொண்டு போய் விடயத்தைச் சொன்னான். தலைவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, நீர் பதியேக்கை என்ன மொழி தெரிவு செய்தனீர்?"

"தமிழ், சேர்."

"பிறகேன் இங்கிலிஸ்? தாய்மொழியிலை அலுவல் பாக்கிற உரிமைக்காக இந்த மண்ணிலை எத்தினை பேர் செத்தவை எண்டு உமக்குத் தெரியுமோ? அந்த உரிமையை விட்டுக்குடுக்க நான் உம்மை விடமாட்டன்."

"சேர், தமிழிலை எழுதினால் வெட்டுது."

"வெட்டட்டும். நான் முப்பது வருஷம் பெற்றாரைச் சந்திச்சனான். ஒரு தாயையும் வசனம் முடிக்க விட்டதில்லை. தொடக்கத்திலையே எனக்கு விளங்கிப்போடும். எங்கடை கணினியும் அந்த மாதிரித்தான். முதிர்ச்சி அடைஞ்சிட்டுது." அவர் பிரணவன் பக்கம் திரும்பினார். "அதோடை தம்பி, மூண்டு மொழியிலை மூண்டு நிரல், ஒண்டுக்கொண்டு விளங்காமலே இரண்டு வருஷமாச் சண்டையில்லாமல் வேலை செய்யுது. எங்கடை நாட்டுக்கு உதைவிட நல்ல முன்மாதிரி வேணுமோ?"

வெளியே வந்ததும் பிரணவன் மேன்முறையீட்டுப் படிவத்தைத் திறந்தான். அதில் விளிப்பு இல்லை.

"சுருக்கமா எழுதுங்கோ, அக்கா."

அவள் "மாட்டேன்" என்று எழுதினாள். "குறைந்தது எட்டுச் சொற்கள் தேவை" என்றது திரை. "விரும்பவில்லை" என்று வசனத்தைத் தொடங்கிப் பார்த்தாள். "பயனிலை இறுதியில் வருதல் வேண்டும்" என்றது திரை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அவசரத்தில், தனக்கு நடந்ததை எட்டே எட்டுச் சொல்லில் எழுதி, அனுப்பும் பொத்தானை அமத்திவிட்டாள். பிரணவன் எண்ணிப் பார்க்க முதல் பூ விரிந்துவிட்டது.

மூன்றாவது கடிதம் இப்படி வந்தது: "லெனாட் என்னை அடித்துக் கையை முறித்தபடியால் அவருடன் வாழ விரும்புகிறேன்."

பிரணவன் அன்றே தலைமையகத்துக்குப் பிழை அறிக்கை அனுப்பினான். பிழை அறிக்கையும் அதே வழியால்தான் போகவேண்டும். "நிரல் வாக்கியத்தை வெட்டுகிறது, இப்பிழையைத் திருத்தாமல் விடக்கூடாது" என்று எழுதினான். மூன்றாம் நாள் பதில் வந்தது: "'இப்பிழையைத் திருத்தாமல் விடலாம்' என்ற தங்கள் பரிந்துரை ஏற்றுக்கொள்ளப்பட்டது." பதிலோடு, சிக்கனத்தைப் பாராட்டி ஒரு மின் வாழ்த்து மட்டையும் வந்திருந்தது.

மூன்று சம்மதம் சேர்ந்துவிட்டால் அதிகாரசபை சும்மா இருக்காது. ஒரு சனிக்கிழமை காலை றோசின் வீட்டு வாசலில் பூமாலை கட்டிய வான் வந்து நின்றது. இரண்டு உத்தியோகத்தர்கள் இறங்கினார்கள். அதிகாரசபையின் இணக்க விழாவுக்கு வராவிட்டால் அரச ஆவணத்தில் மூன்றுமுறை பொய் சொன்னதாக வழக்கு வரும் என்று மரியாதையாகச் சொன்னார்கள். றோஸ் விளக்குமாற்றோடு படலையை மறித்து நின்றாள். ஜெயனி அவளை விலக்கிவிட்டு வானில் ஏறினாள். நேரில் நாலு பேர் முன்னால் வாயால் சொன்னால் யாரும் வெட்டமுடியாது என்று அவள் நினைத்தாள்.

விழா மண்டபத்தில் நாற்பது சோடிகள் இருந்தார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்திக்கும் ஒருத்தியிடம் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. லெனாட் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வந்து ஜெயனிக்குப் பக்கத்தில் இருந்தான். மூன்று தட்டுக் கேக் ஒன்று மேசையில் இருந்தது. துரைராஜா மேடையில் ஏறி மூன்றாவது கடிதத்தை வாசித்தார்.

"'கையை முறித்தபடியால் அவருடன் வாழ விரும்புகிறேன்.' சபையோரே, 'முறித்தபோதிலும்' எண்டு எழுதேல்லை, கவனியுங்கோ. 'முறித்தபடியால்'. மன்னிப்பைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பியள். இப்பிடி ஒண்டு கேட்டிருக்கிறியளோ?"

சபை கைதட்டியது. அவர் ஜெயனியை மேடைக்கு அழைத்து ஒலிவாங்கியைக் கொடுத்தார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினாள்.

"நான் இந்த மனிசனோடை இனி என்ரை வாழ்நாள் முழுக்க ஒரே வீட்டிலை இருக்க..."

துரைராஜா ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். "கேட்டியளோ! வாழ்நாள் முழுக்க!" கைதட்டல் கூரையைத் தொட்டது. கேக் வெட்டினார்கள். லெனாட் ஒரு துண்டை அவள் வாயில் வைத்தான்.

உடுவில் வீட்டில் அவள் பன்னிரண்டு நாள் இருந்தாள். லெனாட் மூன்று கடிதங்களையும் கண்ணாடி போட்டு விறாந்தையில் மாட்டியிருந்தான். பின்னேரத்தில் வேலையால் வந்ததும் அவளை அவற்றின் முன் நிறுத்துவான்.

"வாசி."

வாசித்தால் சிரிப்பான். வாசிக்காவிட்டால் அடிப்பான். ஒன்பதாம் நாள் அவள் பொலிசுக்குப் போனாள். பொலிஸ்காரர் கணினியில் அவளுடைய பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அடிச்சபடியால்தானே சேர்ந்தனீங்கள் எண்டு இதிலை கிடக்கு" என்றார். பன்னிரண்டாம் நாள் லெனாட் இடது கையின் இரண்டு விரல்களை முறித்தான். அவள் மாற்றுத் துணிகூட எடுக்காமல் பஸ் ஏறிப் பண்டத்தரிப்புக்கு வந்துவிட்டாள். எச்சில் குழாயைப் பிடிக்க இனி ஒரு கையும் இல்லை என்பதால், பல் வைத்தியர் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

வேலை இல்லாததால் யோசிக்க நேரம் கிடைத்தது. நான்கு நாள் யோசித்துவிட்டு, றோசின் தொலைபேசியை மேசையில் வைத்து லெனாட்டுக்கு அழைத்தாள்.

"எனக்கு விவாகரத்துத் தாங்கோ."

"செத்தாலும் தரமாட்டன்."

"வாயாலை சொல்லி என்ன? நான் மூண்டு கடிதம் எழுத்திலை குடுத்தனான். நீங்கள் ஒரு ஆம்பிளையெண்டால் எழுத்திலை குடுங்கோ. நல்ல தமிழிலை, விளக்கமாக் குடுங்கோ. தலைவர் தமிழறிஞர்."

லெனாட் மறுநாள் காலையே அதிகாரசபைக்குப் போனான். திரையில் எழுதினான்: "என் மனைவி ஜெயனிக்கு விவாகரத்து வழங்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்." தன் தமிழை ஒருதரம் வாசித்து ரசித்துவிட்டு அமத்தினான்.

கொழும்பில் இருந்த நிரல் ஆண், பெண் பார்க்கத் தெரியாதது. "சம்மதி" என்ற இடத்தில் வெட்டியது. அடுத்த நிரல் அதை நல்ல சொல்லாக முடித்து வைத்தது. "ஒருபோதும்" என்பது உடன்பாட்டு வினையோடு வராது என்பதால், இலக்கணம் பார்த்து அதையும் மாற்றியது. கடிதம் வந்தது: "என் மனைவி ஜெயனிக்கு விவாகரத்து வழங்க நான் எப்போதும் சம்மதிக்கிறேன்."

கணவனின் சம்மதம் கிடைத்தால் வேறு விசாரணை தேவையில்லை. நிவேதனா பிறந்தநாள் மட்டைகளுக்குள் தேடி, எஞ்சியிருந்த தடித்த கடதாசி ஒன்றை எடுத்தாள். அதிகாரசபையின் முதலாவது இணங்காமைச் சான்றிதழ் அச்சானது. ஜெயனி அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு பஸ்சில் வந்தாள். விரல்களை மடக்க முடியவில்லை. றோஸ் பாயாசம் காய்ச்சினாள். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் குடித்தார்கள்.

அடுத்தநாள் காலை ஒன்பது மணிக்கு லெனாட் தலைவரின் அறைக்குள் புகுந்தான்.

"சேர், நான் எழுதினது வேறை, வந்தது வேறை!"

துரைராஜா எழுந்து நின்றுவிட்டார். "என்ன? ஒரு குடும்பத் தலைவனின்ரை வார்த்தையை மாத்திறதோ? இருங்கோ தம்பி, இருங்கோ. நிவேதனா, இவருக்குத் தேத்தண்ணி குடும்."

ஒன்பதரைக்கு அவர் அமைச்சுக்கு அழைத்தார். பத்து மணிக்கு அவசரச் சுற்றறிக்கை வந்தது. பதினொரு மணிக்குப் பிரணவனிடம் கொழும்பு நிரலின் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். மாற்றவேண்டியது ஒரு எண். அவன் நூற்று அறுபதை அழித்து நாலாயிரம் என்று போட்டான். பைதன் நிரல் வசனத்தை முடித்து வைப்பதையும் நிறுத்தினான். தேத்தண்ணி ஆறமுதல் வேலை முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் ஜெயனியின் சான்றிதழ் ரத்துச் செய்யப்பட்டது. தொழில்நுட்பத் தவறு இன்று முதல் நீக்கப்பட்டுள்ளதாகவும், இதற்கு முன் வந்த கடிதங்கள் அனைத்தும் செல்லுபடியாகும் என்றும், திரு. லெனாட்டின் கடிதம் மாத்திரம் விதிவிலக்கு என்றும் சுற்றறிக்கை சொன்னது.

இறுதி விசாரணைக்கு ஜெயனியை அழைத்தார்கள். அவள் திரையில் பழைய வசனத்தையே மறுபடியும் எழுதினாள். அது கொழும்புக்குப் போய், ஒரு புள்ளி குறையாமல் திரும்பி வந்து தலைவரின் மேசையில் விழுந்தது: "நான் என் கணவர் லெனாட்டுடன் மீண்டும் சேர்ந்து வாழ விரும்பவில்லை."

துரைராஜா அதை இரண்டுதரம் வாசித்தார். பிறகு பழைய மூன்று கடிதங்களையும் எடுத்து அதற்குப் பக்கத்தில் அடுக்கினார்.

"பிள்ளை, மூண்டுதரம் ஓம் எண்டிருக்கிறீர். ஒருதரம் இல்லை எண்டிருக்கிறீர். நான் என்ரை விருப்பத்துக்கு முடிவெடுக்கிற ஆள் இல்லை. இது சனநாயக நாடு. மூண்டுக்கு ஒண்டு. ஏழு நாளுக்குள்ளை உடுவிலுக்குத் திரும்பிப் போம்."

"சேர், அந்த மூண்டும் நான் எழுதினது..."

அவர் உள்ளங்கையை உயர்த்தினார். "விளங்கீட்டுது. எழுதினது நீர்தான் எண்டு நீரே சொல்லுறீர்."

ஜெயனி மேசையைப் பார்த்தாள். நான்கு கடிதங்களிலும் அவளுடைய கையொப்பம் இருந்தது. மூலையில் கணினியோடு இருந்த பிரணவனைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான். அவள் வாயைத் திறந்தாள். தலைவரின் கை இன்னும் உயர்ந்தபடியே இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"தம்பி, கூட்டக் குறிப்பை எழுதி அனுப்பும்" என்றார் துரைராஜா. அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, பிரணவன் தட்டினான்.

"தலைவரின் தீர்ப்பு வாசித்துக் காட்டப்பட்டபோது விண்ணப்பதாரரான திருமதி ஜெயனி லெனாட் அதற்கு எவ்வித மறுப்பும் தெரிவிக்கவில்லை."

ஜாவாவிலிருந்து சீக்கு, சீயிலிருந்து பைதனுக்கு, கடைசி எழுத்துவரை அது முழுசாகப் போய்ச் சேர்ந்தது.